அப்பாவின் காது

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஓவர்ஹால் வந்தால் ஜெனரேட்டர் ரோட்டாரை வெளியே இழுக்கும் கேங்கில் இருப்பார். பல டன் எடை. ஸ்டேட்டரில் உரசினால் இன்சுலேஷன் போச்சு!

ஒருநாள் நான் படித்ததைப் பெருமையாகச் சொன்னேன். "இனிமே ரோட்டாரைக் கழற்றாமலே பார்க்கலாம்பா. சில சென்டிமீட்டர் காற்று இடைவெளியில், காந்தத்தால் ஒட்டிக்கொண்டு தட்டையான ரோபோ போகும். கேமரா இருக்கும். ஸ்லாட் வெட்ஜைத் தட்டிப் பார்க்கும். 4 சதவீத ஃபிளக்ஸ் கொடுத்தாலே கோர் லேமினேஷனில் இன்சுலேஷன் கெட்ட இடம் தெரிஞ்சிடும்."

சோறு பிசைந்த கை நின்றது. "அப்போ எங்க கேங்குக்கு என்னடா வேலை?"

எனக்குப் பதில் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவரே பேசினார். "இன்ஜினியர் சுத்தியலால தட்டும்போது நான்தான் லைட் பிடிப்பேன். வெட்ஜ் தளர்ந்திருந்தா சத்தம் பொள்ளலா வரும். விட்டா உள்ளே பார் அதிர்ந்து இன்சுலேஷன் தேயும். அந்தச் சத்தத்தை மெஷினுக்கு யாராச்சும் சொல்லித் தரணும்ல? எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அவர் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் நண்பர்களே, என் ப்ராஜெக்ட் நோட்டின் முதல் பக்கம் அப்பா சொன்னதுதான்.