இல்லாததும் நீக்கியதும்

கோவை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கோடு முழுவதையும் நிதானமாகப் படித்தேன். போனில் இருக்கும் எண்களையும் நாள்காட்டியையும் லினக்ஸ் டெஸ்க்டாப்போடு, நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லாமல், வீட்டு வைஃபையிலேயே சிங்க் செய்ய வேண்டும் என்கிறாய். திறமூலமாக வெளியிடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. ஆனால் வெளியிடுவதற்கு முன் ஒன்றை நீ மாற்றியே ஆக வேண்டும். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

உன் நிரல் இரண்டு பட்டியல்களை ஒப்பிடுகிறது. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாததைப் புதியது என்று எடுத்துக்கொண்டு நகலெடுக்கிறது. அம்மா போனில் பழைய கேஸ் ஏஜென்சி எண்ணை அழிக்கிறார் என்று வை. லேப்டாப்பில் அது இன்னும் இருக்கிறது. அடுத்த சிங்க்கில் உன் நிரல் அதைப் போனுக்கே திருப்பி அனுப்பிவிடும். சரி, விதியைத் திருப்பிப் போட்டால்? லேப்டாப்பில் நீ புதிதாகச் சேர்த்த எண், போனில் இல்லை என்ற காரணத்துக்காக அழிந்துபோகும். போனில் காணாத ஒன்று, அங்கே எப்போதுமே இல்லாததா, இருந்து நீக்கப்பட்டதா? இரண்டு பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நிரலாலும் இதைச் சொல்ல முடியாது. மூன்றாவது ஒன்று வேண்டும்: கடைசியாக இரண்டும் ஒத்துப்போனபோது என்னென்ன இருந்தன என்ற பதிவு. பதிவில் இருக்கிறது, போனில் இல்லை என்றால், அது நீக்கியது. பதிவிலும் இல்லையென்றால், லேப்டாப்பில் புதிதாக வந்தது. அந்தப் பதிவையும் இரு பக்கமும் பத்திரமாக எழுதி முடித்த பிறகே புதுப்பிக்க வேண்டும். பாதியில் வைஃபை போனால் பழைய பதிவே இருக்கட்டும்.

இது நம் முன்னோடிகள் பட்டுத் தெளிந்த விஷயம். 2000-இல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா, ஐபிஎம் முதலான நிறுவனங்கள் சேர்ந்து சிங்க்எம்எல் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு சிங்க்கின் முடிவிலும் போனும் சர்வரும் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளும். அதற்கு ஆங்கர் என்று பெயர். அடுத்த முறை இரண்டு ஆங்கர்களும் பொருந்தினால், மாறியவற்றை மட்டும் பரிமாறிக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் ஸ்லோ சிங்க். எல்லாவற்றையும் அனுப்பி ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். பொருத்தம் கொஞ்சம் பிசகினாலும் ஒரே ஆள் இரண்டாக, மூன்றாகப் பெருகுவார். அழித்தவை எல்லாம் திரும்பி வரும்.

இந்த இடத்தில்தான் சிங்க்எவல்யூஷன் என்ற திறமூல மென்பொருள் எனக்குப் பிடித்தது. க்னோமின் எவல்யூஷனுக்காகத் தொடங்கியது, நோக்கியா என்900 போன்ற மேமோ கருவிகளிலும் ஓடியது. ஸ்லோ சிங்க் எதிர்பாராமல் வந்தால் அது தானாக எதையும் செய்யாது. நின்று, எந்தப் பக்கத்தை நம்புவது என்று உன்னைக் கேட்கும். சிங்க்குக்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளும், முன்னும் பின்னும் என்ன மாறியது என்று காட்டும், வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திருப்பும். அதன் மூலநிரலைப் படி. சிங்க்எவல்யூஷன் இடம்பெற்றிருந்த, இன்டெலும் நோக்கியாவும் 2010-இல் சேர்ந்து அறிவித்த மீகோ இயங்குதளம், மறு ஆண்டு நோக்கியா விண்டோஸ் பக்கம் போனதும் தளர்ந்துவிட்டது. ஆனால் கோடு எல்லோருடையதாகவும் இருந்ததால் சிங்க்எவல்யூஷன் அதோடு முடியவில்லை. நாள்காட்டிக்கான கால்டாவ், தொடர்புகளுக்கான கார்ட்டாவ் எல்லாம் கற்றுக்கொண்டு தொடர்ந்தது.

அடுத்தது நேரம். இரு பக்கமும் ஒரே விவரத்தைத் திருத்தியிருந்தால், கடைசியாகத் திருத்தியது எதுவோ அதை எடுக்கிறாய். எந்தக் கடிகாரத்தின்படி? போன் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினால், அதற்குச் சில நிமிடங்கள் கழித்து லேப்டாப்பில் செய்த திருத்தத்தையும் அது ஜெயித்துவிடும். வெவ்வேறு கணினிகளில் நடந்தவற்றில் எது முன், எது பின் என்று கடிகாரத்தை நம்பாமல் வரிசைப்படுத்துவது எப்படி என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார். கோப்புகளுக்கான சிங்க்திங்கைப் பார். கருவிக்கு ஓர் எண்ணி வைத்து, ஒரு திருத்தம் மற்றதை அறிந்து செய்யப்பட்டதா, அறியாமலா என்று கண்டுபிடிக்கிறது. அறியாமல் என்றால் மோதல். தோற்ற கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் பக்கத்திலேயே வைக்கிறது. நீயும் அப்படியே செய். சந்தேகம் வந்தால் இரண்டையும் வைத்துக்கொள், அம்மாவிடம் கேள்.

தமிழ்ப் பெயர்களையும் மறக்காதே. 'பொன்னி'யின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், உன் நிரலுக்கு இரண்டு ஆட்கள். ஒப்பிடும் முன் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்று. தொடர்புகளைச் சேமிக்கும் விகார்டு வடிவத்தில் வரி 75 பைட்டைத் தாண்டினால் மடிக்கப்படும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அந்த மூன்றுக்கு நடுவிலேயே வெட்டும் நிரல்கள் உண்டு. ஆகவே மடிப்பை முதலில் பைட் நிலையில் பிரி, அதன் பிறகு எழுத்தாகப் படி. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர்கள் கண்ணில் இது படவே படாது. நம் கண்ணில்தான் படும், நாம்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆண்ட்ராய்டில் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கலாம் என்று எண்ணாதே. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சும்மா கிடக்கும் போனில் செயலிகளை டோஸ் என்ற ஏற்பாடு தூங்க வைத்துவிடும். சார்ஜ் ஏறும்போது சிங்க் செய்தால் போதும். சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலியே 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது. பிளே ஸ்டோரில் வெளியிடும் சிரமமும் பராமரிக்க ஆளில்லாததும் காரணம். வேறு ஆட்கள் அதன் கிளையை எடுத்து நடத்துகிறார்கள். உரிமம் பற்றிக் கேட்டிருந்தாயே, எல்ஜிபிஎல் போதும். சிங்க்எவல்யூஷனும் அதில்தான் இருக்கிறது.

திரை வடிவமைப்பு எல்லாம் பிறகு. முதலில் கணினியிலேயே மூன்று போலிக் கருவிகளை உருவாக்கு. மனம்போன போக்கில் சேர்க்கவும் திருத்தவும் அழிக்கவும் விடு, நடுவில் இணைப்பைத் துண்டித்துவிடு. கடைசியில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா, யாரும் அழிக்காத ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று பார். அந்தச் சோதனைகளை எழுதியதும் எனக்கு அனுப்பு. அதுவரை அம்மாவின் போனில் இதைப் போடாதே.

அன்புடன்,
உன் அக்கா