ஹெட்போன் வாங்கிய கதை

இசை என்றால் குரலும் வீணையும் குழலும் மிருதங்கமுமே என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். நம் வீட்டுப் பிள்ளைகளோ, மின்சாரமும் கணிப்பொறியும் கூடிப் பிறப்பிக்கும் ஓசையைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள். அதைக் கேட்பதற்கென்று காதில் ஒரு கருவியையும் மாட்டிக்கொள்கிறார்கள். “இது என்ன சங்கீதம்? இது என்ன கோலம்?” என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது ஜீவனஹள்ளியில் மட்டுமன்று, தமிழர் குடியிருக்கும் பேட்டைகள் எல்லாவற்றிலும் நாள்தோறும் நடப்பதுதான். அண்மையில் என் தமக்கையின் மகனுக்கு ஹெட்போன் ஒன்று தேர்ந்து வாங்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. அதன்பொருட்டு நான் அறிந்துகொண்டவை மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் இந்த இசையைப் பற்றிச் சில சொற்கள். மின்னணு இசை நேற்று அந்நிய நாட்டிலிருந்து வந்திறங்கிய சரக்கு என்று நினைப்பது பொருந்தாது. 1969ஆம் ஆண்டிலேயே அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ‘மூக்’ என்னும் மின்னிசைக் கருவியை அமைத்துக் கொடுக்க, நம் நாட்டவர் சிலர் அதில் இசை இயற்றிப் பார்த்தனர். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை மின்தாளத்தோடு இணைத்து இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். அந்நாளில் அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2010இல் அது மறுபடி வெளியானபோதோ, சிகாகோ நகரத்து இளைஞர்கள் 1980களின் பிற்பகுதியில் கண்டெடுத்த நடன இசையை இந்த மனிதர் முன்னரே தொட்டுவிட்டாரே என்று பல நாட்டு ரசிகர்களும் வியந்தனர். தமிழ்த் திரையிலும் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்திற்கு இளையராஜா கணிப்பொறியைத் துணைக்கொண்டு இசையமைத்தார். 1992இல் ‘ரோஜா’ படத்தின் வாயிலாக ஏ. ஆர். ரகுமான் வந்த பிறகு மின்னிசை நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது.

இவ்வளவு எதற்கு? நம் பெங்களூரைச் சேர்ந்த ராடெல் நிறுவனத்தார் செய்யும் மின்தம்புரா எத்தனையோ பாட்டு வாத்தியார்களின் வீட்டு அலமாரியில் வீற்றிருக்கிறது. அதன் சுருதியில் பாடிக்கொண்டே, “மின்சாரத்தில் பிறந்தது இசையன்று” என்று கூறினால் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா?

நிற்க. என் மருமான் பி.யூ.சி. படிக்கிறான். யாரோ கழித்துவிட்ட பழைய கணிப்பொறி ஒன்றில் தானே தாளங்களையும் மெட்டுக்களையும் அடுக்கிப் பார்ப்பது அவனுக்கு விருப்பமான வேலை. வீட்டில் இரண்டே அறைகள். அடுத்த வீட்டிற்கும் எங்களுக்கும் பொதுச் சுவர் ஒன்று. “மாமா, கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பாதி இசைதான் கேட்கிறது. கீழ்ப்பாதி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒரு ஹெட்போன் வேண்டும்” என்று அவன் கேட்டான். அவன் சொன்னது உண்மை. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கவல்லது. இவ்வகை இசையின் உயிர்நாடியான பெருமுழக்கமோ 50 அதிர்வை ஒட்டி நிற்பது. விரல்நகம் அளவான ஒலிபெருக்கியால் அவ்வளவு காற்றை அசைக்க இயலாது.

ஆனால் என் தமக்கை இசையவில்லை. “தம்பி, வேறு எது வேண்டுமானாலும் வாங்கிக் கொடு. காதில் மாட்டுவது மட்டும் வேண்டாம். அப்பாவுக்கு நேர்ந்தது இவனுக்கும் நேர வேண்டாம்” என்றாள். எங்கள் தந்தையார் முப்பது ஆண்டுகள் ஓர் இயந்திரப் பட்டறையில் இரும்புத் தகடுகளுக்கு ஆணியறையும் பிரிவில் உழைத்தவர். காதுக்குக் காப்பு என்று அங்கு எவரும் ஒன்றும் கொடுத்ததில்லை. வேலையை விட்டு வந்தபோது அவர் செவிப்புலனில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். என்ன பேசுகிறோம் என்பது விளங்காது. பேரன் பேசினால் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இதைக் கண்டு வளர்ந்தவளின் அச்சத்தை வீண் அச்சம் என்று எப்படித் தள்ளுவது?

ஆகையால் பொருளைப் பார்ப்பதற்கு முன் செவியைப் பற்றிப் படித்தேன். உட்காதில் நத்தையோடு போல் சுருண்டிருக்கும் உறுப்பில், காதொன்றுக்குச் சுமார் 15,000 நுண்மயிர் அணுக்கள் உள்ளன. பேரோசையால் அவை மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உச்ச ஓசைகளைக் கேட்கும் ஆற்றல். 4,000 அதிர்வை ஒட்டிய பகுதியே பெரும்பாலும் முன்னதாகக் கெடுகிறது. ச, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை எல்லாம் அந்த மேற்பகுதியில் இருப்பதால்தான் குரல் கேட்டும் சொல் விளங்காமற் போகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு இது: 80 டெசிபல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம், அதுவே 90 டெசிபலாக ஏறினால் வாரத்திற்கு 4 மணி நேரமே. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்திற்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது என்று நினைவிற்கொண்டால் போதும். எனவே கேடு கருவியில் இல்லை. எவ்வளவு ஓசையை எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. இதைத் தமக்கைக்கு எடுத்துச் சொல்லி, ஏற்ற கருவியையும் சில விதிகளையும் சேர்த்தே வாங்கித் தருவதாக வாக்களித்தேன். அரைமனத்தோடு சம்மதித்தாள்.

ஒரு விடுமுறை நாளில் மாமனும் மருமானும் எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்பட்டோம். மின்பொருள் அங்காடிகள் நெருங்கிய அந்தத் தெருவில் நூறு வகை ஹெட்போன்கள் தொங்குகின்றன. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது, முழக்கம் மிகுதியாக எழும்படி செய்த ஒன்று. கேட்டவுடன் பிரமிப்பாய்த்தான் இருந்தது. ஆனால் மருமான், “மாமா, முழக்கம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. இதில் கேட்டு நான் ஒரு தாளம் அமைத்தால், வேறிடத்தில் கேட்பவருக்கு அது உப்பில்லாத குழம்பாகத் தோன்றும்” என்றான். முழக்கம் மேலோங்கிய கருவியில் மற்ற ஓசைகளைத் தெளிவாகக் கேட்க வேண்டி ஒலியை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும் என்பதையும் கவனித்தேன். அதை வேண்டாம் என்றோம்.

பிறகு நாங்கள் சீர்தூக்கிப் பார்த்தவை இவை. பின்புறம் திறந்த வகை, மூடிய வகை என ஹெட்போன்கள் இருவகைப்படும். திறந்தவற்றில் இசை விசாலமாய் ஒலிக்கும். ஆனால் உள்ளோசை வெளியே வரும், வெளியோசை உள்ளே புகும். இரண்டு அறை வீட்டுக்கு மூடிய வகையே தகும். அதன் மெத்தை காதைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும். சிறிது கசிந்தாலும் முதலில் போவது கீழ்ஓசைதான். நன்றாகப் பொருந்தினால் தெரு இரைச்சல் குறையும். குறைந்த ஒலியிலேயே மனநிறைவாகக் கேட்கலாம். இதுவே செவிக்கு முதற்காப்பு.

அடுத்தது, கம்பியா, புளூடூத்தா என்பது. பேருந்தில் பாட்டுக் கேட்பவருக்குக் கம்பியில்லாதது வசதி. இசை அமைப்பவருக்கோ அதில் ஓர் இடர் உண்டு. விரல் கட்டையை அழுத்திய பின் ஓசை காதுக்கு வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் தாமதமாகலாம், தாளம் தப்பிவிடும். ஆகவே கம்பியுள்ளதையே கொண்டோம். அதிலும் கம்பியைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்தோம். கருவியில் பெரும்பாலும் முதலில் பழுதாவது கம்பியே அல்லவா? மின்தடை அளவும் நோக்கத்தக்கது. 32 ஓம் அளவுள்ளது கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் போதும். 250 ஓம் உள்ளதற்குப் பெரும்பாலும் தனியாகப் பெருக்கி வாங்கவேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘20 முதல் 20,000 வரை’ என்பதை நம்பி மயங்கவேண்டா. மிக மலிவான கருவியிலும் அதே எண்கள்தாம் இருக்கும்; ஓசைகள் ஒன்றற்கொன்று சமனாக ஒலிக்குமா என்பதை அவை கூறா.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒலியளவு ஒன்றாக இருக்கவேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றுவது செவியின் இயல்பு. விற்பவரும் இதை அறிவார். நன்கு பழகிய பாட்டு ஒன்றையே இரண்டிலும் கேட்பது உசிதம். முடிவில் 2,400 ரூபாய்க்கு, ஆடம்பரமில்லாத கருங்கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

விதிகள் மூன்று. ஒலியளவு மொத்தத்தில் அறுபது விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஒரு மணிக்கொரு முறை கழற்றி வைத்துச் செவிக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். மூன்றாவதை ரயில்வேயில் எழுத்தராய் இருப்பவன் என்ற முறையில் நானே சேர்த்தேன்: வாசற்படியைத் தாண்டினால் ஹெட்போன் காதில் இருக்கக்கூடாது. கிழக்குப் பெங்களூர் நிலையத்தை அடுத்து வாழும் நம்மவர் பலர் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதை வழக்கமாக்கிக்கொண்டுள்ளனர். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. சட்டத்தை விடுங்கள், மின்சார எஞ்சின் பழைய எஞ்சின்களைப்போல் உறுமிக்கொண்டு வருவதில்லை. காதை அடைத்துக்கொண்டு நடப்பவனை அது எச்சரிக்கவும் மாட்டாது.

கருவி வந்த மறுநாள் மாலை, பேரன் தன் தாத்தாவின் தலையில் அதை மாட்டிவிட்டு, தான் அமைத்த தாளம் ஒன்றை அளவான ஒலியில் ஓடவிட்டான். தந்தையார் சிறிது நேரம் அசையாமல் இருந்தார். பிறகு அவர் விரல்கள் நாற்காலியின் கையில் மெல்லத் தட்டத் தொடங்கின. “தொப்பி கேட்கிறதடா, வலந்தலை கேட்கவில்லை” என்றார். இளமையில் பஜனைகளில் மிருதங்கம் கேட்டுப் பழகியவர் அவர். இடப்புறத்துத் தாழ்ந்த ஓசை கேட்கிறது, வலப்புறத்து உயர்ந்த நாதம் கேட்கவில்லை என்பதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னார். நான் பக்கம் பக்கமாகப் படித்ததும் அதுவே. பையனின் முகம் மாறிற்று. அந்தத் தாளத்தில் மேலே மணியோசை போன்ற ஒரு மெட்டை அவன் நாட்கணக்கில் இழைத்திருந்தான். தாத்தாவுக்கு அது இல்லவே இல்லை. அன்றிலிருந்து ஒலியளவைக் குறைக்கும்படி அவனிடம் எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் தந்தையாரை மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். போன செவி முழுவதும் மீளாது என்பதை அறிவோம். ஆயினும் தக்க செவித்துணைக் கருவி வைத்தால் பேரன் பேசும் சொற்களில் சிலவாவது பிடிபடும் என்று நம்புகிறோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் முதியோர்க்குக் காது மந்தமாகியிருப்பின், வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் சோதித்துப் பார்க்கும்படியும், பிள்ளைகள் ஹெட்போன் கேட்டால் வெறுமனே மறுக்காமல், அருகிலிருந்து தேர்ந்து, அளவையும் சொல்லிக் கொடுக்கும்படியும் அன்புடன் வேண்டுகிறேன்.