கடல் வந்தா தூக்கிட்டு ஓட ஏலுமா?

உம்மா விலையைக் கேட்கவில்லை. நாங்கள் யூடியூபில் காட்டிய கம்பியூட்டர் கேஸை ஒருதரம் பார்த்துவிட்டு போனைத் திருப்பித் தந்தார். பிறகு கேட்டார்: “கடல் வந்தா இதத் தூக்கிட்டு ஓட ஏலுமா?”

நாங்கள் சிரித்தோம். ஆனால் அதுவரை பார்த்த முப்பது நாற்பது ரிவ்யூக்களில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. எங்கள் வீட்டுக்கு வேண்டிய கேள்வியும் அதுதான்.

நாங்கள் என்றால் ராத்தாவும் தம்பியும். மூத்தவள் ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், கடைசி வருடம். இளையவன் ஏ.எல். எழுதிவிட்டு சர்ஃப் போர்ட் பழுதுபார்க்கிற இடத்தில் வேலை பழகுகிறான், பின்னேரங்களில் வெள்ளைக்காரர்கள் அலையில் விழுவதை வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிறான். வீடு அறுகம்பே. ஊர்க்காரர் வாயில் உல்லை. வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம்.

2004 டிசம்பர் 26இல் மூத்தவளுக்கு மூன்று வயது, இளையவன் பிறக்கவில்லை. ஆகவே எங்களுக்கு அது நினைவில் இல்லை. நினைவில் இருப்பது 2012 ஏப்ரல் 11. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம், பின்னேரம் சுனாமி எச்சரிக்கை, ஊரே உள்பக்கம் ஓடியது. அன்றைக்குக் கடல் வரவில்லை. ஆனால் உம்மா ஒரு கையில் இளையவனையும் மறுகையில் ஒரு கறுப்புப் பையையும் பிடித்துக்கொண்டு ஓடியது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வாப்பாவின் பாஸ்போர்ட், எங்கள் தடுப்பூசி அட்டை. அந்தப் பை இன்றைக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஜிப் பூட்டியபடி இருக்கிறது.

இனி கம்பியூட்டருக்கு வருவோம்.

ஒரு லெப்டொப் இருந்தது. அதன் கீல் உடைந்தது, பிறகு கீபோர்ட் செத்தது, பிறகு சார்ஜ் ஏறும் ஓட்டை துருப்பிடித்தது. உல்லையில் எல்லாமே துருப்பிடிக்கும். திறந்து பார்த்தால் ரெம் போர்ட்டோடு ஒட்டிக் கிடந்தது, கூட்டவும் ஏலாது, மாற்றவும் ஏலாது. டெஸ்க்டொப் என்றால் ஒரு சீசனுக்கு ஒரு பாகம் என்று மாற்றிக்கொண்டு போகலாம். அதனால் இனி டெஸ்க்டொப்தான் என்று முடிவெடுத்தோம்.

அது சின்னதாக இருந்தாக வேண்டும். காரணம் அழகு இல்லை, வீடு. ஏப்ரல் பிந்தியதிலிருந்து ஒக்டோபர் வரை முன்பக்கத்து ரெண்டு அறைகளையும் சர்ஃபர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அந்த மாதங்களில் நாங்கள் நாலு பேரும் பின்னறையிலும் அடுப்படிக்குப் பக்கத்து விறாந்தையிலும்தான். மாரி தொடங்கி வெள்ளைக்காரர்கள் போனதும் வீடு மறுபடி பெருக்கும். கம்பியூட்டரும் எங்களோடு வருடத்துக்கு ரெண்டு தரம் குடிபெயர வேண்டும். இடையில் தீசிஸ் நெருக்கடி வந்தால் பஸ்ஸில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் ஒலுவில் போர்டிங் வரை போக வேண்டும்.

சின்னக் கேஸ் உலகத்தில் எல்லாம் லீற்றர் கணக்கு. கேஸின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி இது இத்தனை லீற்றர் என்று, தண்ணீர்ப் பானை மாதிரி, சொல்வார்கள். சாதாரண டவர் கேஸ் நாற்பதைத் தாண்டும். இந்த உலகத்தின் அடிப்படை அளவு மினி ஐடிஎக்ஸ் மதர்போர்ட்: 17க்கு 17 சென்ரிமீற்றர். தைவானின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது. ரெம்முக்கு ரெண்டு இடம், கிராபிக்ஸ் கார்ட்டுக்கு ஒரு இடம், அவ்வளவுதான். இந்தக் கலையை எல்லைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஜெர்மனியின் டேனியல் ஹன்சன். அவர் வடிவமைத்த டேன் ஏ4 கேஸ் 7.2 லீற்றர்தான். மதர்போர்ட் ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்ட் மறுபக்கம், நடுவில் தகடு, ரெண்டையும் இணைக்க ஒரு பட்டை வயர். சாண்ட்விச் என்றே அதற்குப் பெயர். இளையவனுக்கு அதைப் பார்த்த நாளிலிருந்து நித்திரை இல்லை.

ஒரு வாரம் சண்டை பிடித்தோம். அவனுக்கு ஏழு லீற்றர் வேண்டும். மூத்தவளுக்கு வேலை செய்கிற ஏதோ ஒன்று வேண்டும். ஏழு லீற்றரில் கூலர் 48 மில்லிமீற்றருக்கு மேல் உயரக்கூடாது. அப்படிப்பட்ட கூலர் பழுதானால் பொத்துவிலில் எங்கே தேடுவது? பட்டை வயர் பழுதானால்? எங்கள் ஊரில் ஒரு பொருளை வாங்குகிறபோதே அதன் மாற்றுப் பாகம் எங்கே கிடைக்கும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனதையும், இறக்குமதிக்குத் தடை விழுந்ததையும் பார்த்த பிறகு இந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகாது.

கடைசியில் நின்றது கூலர் மாஸ்டரின் என்ஆர்200. 18 லீற்றர் சொச்சம், 2020இல் வந்த மொடல். மிகச் சின்னக் கேஸ்களின் ரசிகர்கள் இதைப் பெருங்கேஸ் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். 155 மில்லிமீற்றர் வரை சாதாரண கூலர் போகும், 330 மில்லிமீற்றர் வரை கிராபிக்ஸ் கார்ட் போகும், பட்டை வயர் தேவையில்லை. கண்ணாடி போட்ட மொடலும் உண்டு, நாங்கள் துளைத் தகடு போட்டதையே எடுத்தோம். விறாந்தையில் கண்ணாடி எத்தனை நாளைக்கு?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எசைன்மென்ட் எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் என்றால் இதெல்லாம் வேண்டாம். ஒபிஸ்களில் இருந்து கழித்து விற்கிற லெனோவோ டைனி மாதிரி பழைய மெஷின்கள் ஒரு லீற்றர்தான், ஒரு தடித்த புத்தகமளவு. கலைப்பீடக் கூட்டாளிமார் கேட்டால் நாங்கள் அதைத்தான் சொல்கிறோம். எங்களுக்கு வீடியோ வேலை இருந்தது, நாளைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட இடமும் வேண்டியிருந்தது.

சல்லி எப்படிச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். அப்போது மாதம் 5000 ரூபாவாக இருந்த மஹாபொலவில் மிஞ்சியது, ஓ.எல். பிள்ளைகளுக்கு எடுத்த டியூசன், இளையவனின் ஒரு சீசன், உம்மாவின் சீட்டு. கிராபிக்ஸ் கார்ட்டுக்கு எட்டவில்லை. ஆகவே கிராபிக்ஸை உள்ளேயே வைத்திருக்கிற ரைசன் 5 5600ஜி ப்ரொசசரை எடுத்தோம். கார்ட்டுக்கான இடம் காலியாகக் கிடக்கிறது. இளையவன் அதை “என்ட ரூம்” என்பான்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய் வாங்கித் தந்தவர் கொழும்பில் வேலை செய்கிற எங்கள் மாமா ஒருவர். பிழை எங்களுடையது. துண்டில் “பவர் சப்ளை 650 வாட்” என்று மட்டும் எழுதியிருந்தோம், அளவை எழுதவில்லை. அவரும் நல்ல பவர் சப்ளை ஒன்றை வாங்கி மொனறாகல வழியாக வருகிற இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டார். விடியக் காலையில் பொத்துவிலில் போய் எடுத்துவந்து பிரித்தால், ஏடிஎக்ஸ். 15 சென்ரிமீற்றர் அகலம். எங்கள் கேஸுக்கு எஸ்எஃப்எக்ஸ் வேண்டும், அது 12.5 அகலம், உயரமும் குறைவு. கேஸுக்குள் வைத்துப் பார்த்தோம், சரித்துப் பார்த்தோம், ஒரு நிமிடம் தகட்டை வெட்டலாமா என்றுகூட யோசித்தோம். பிறகு அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினோம். மாற்றி வர பன்னிரண்டு நாள். விலையும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. சின்னதாக்கினால் எல்லாமே விலை கூடும், மதர்போர்ட்டும் அப்படித்தான். குறைந்த இரும்புக்குக் கூடிய சல்லி என்று வாப்பா கட்டாரிலிருந்து வொய்ஸ் கட் அனுப்பினார்.

பொருத்தியது ஒரு வியாழன் இரவு, இஷாவுக்குப் பிறகு, பாய் விரித்து. பெரிய கேஸில் எதை முதலில் போட்டாலும் போடலாம். இதில் ஒழுங்கு பிசகினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எஸ்எஸ்டியையும் ரெம்மையும் வெளியிலேயே மதர்போர்ட்டில் பூட்டினோம். ப்ரொசசருக்குக் கரண்ட் கொடுக்கிற எட்டு முள் வயரைக் கூலர் போடுமுன் கொழுவ வேண்டும் என்பதைக் கூலர் போட்ட பிறகுதான் கண்டுபிடித்தோம். கழற்றினோம். திரும்பப் போட்டோம். அதற்குள் ஒரு ஸ்குரூ கைநழுவி மதர்போர்ட்டுக்குக் கீழே உருண்டுவிட்டது. அப்படியே விட்டுக் கரண்ட் கொடுத்தால் ஷோர்ட் ஆகும். கேஸைத் தூக்கிக் குலுக்கினோம், வரவில்லை. இளையவன் கவட்டுத் துண்டெல்லாம் தேடினான். மூத்தவள் தன் ஷோலில் குத்துகிற காந்த பின்னைக் கழற்றி, நூலில் கட்டி, இடுக்குக்குள் இறக்கினாள். டிக் என்று ஒட்டியது. அந்தப் பின் இப்போது ஸ்குரூ டிரைவர்களோடு கிடக்கிறது.

பன்னிரண்டரைக்கு விசிறி சுற்றியது. உம்மா நித்திரையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார். “சத்தம் கேக்கல்லியே, வேல செய்யிதா?” அதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல ரிவ்யூ.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை, கரையோரத்தில் இருக்கிறவர்களுக்காக. கேஸின் வலை தூசைப் பிடிக்கும், உப்பு ஈரத்தைப் பிடிக்காது. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: கடல் பார்த்த யன்னலில் வைப்பதில்லை, காற்றை உள்ளே இழுக்கிற விசிறி கூடுதலாகவும் வெளியே தள்ளுகிற விசிறி குறைவாகவும் வைத்திருக்கிறோம், அப்போது வலை இல்லாத ஓட்டைகளால் காற்று உள்ளே வராது. மாதம் ஒருக்கா திறந்து துடைக்கிறோம். சும்மா கிடக்கிற மெஷினை விட ஓடுகிற மெஷின் நல்லது, சூட்டில் ஈரம் தங்காது. இத்தனைக்கும் பின்பக்கத்து ஸ்குரூ ரெண்டு ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டன.

ஆனால் உம்மாவின் கேள்வி அப்படியே இருந்தது. சந்தையிலிருந்து இரவல் வாங்கிய மீன் தராசில் தொங்கவிட்டு நிறுத்தோம். ஏழு கிலோ சொச்சம். மீன் கொண்டுவருகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதற்குள் இறக்கினோம், அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உம்மா போனில் நேரம் பிடிக்க, ஒத்திகை. வயரெல்லாம் கழற்றி, பெட்டிக்குள் வைத்து, கடப்பைத் தாண்டி ரோட்டுக்கு வர மூன்று நிமிடம் நாற்பது செக்கன். உம்மா தலையாட்டினார். “கடல் அம்புட்டு நேரம் நிக்காது மகன்.”

கீபோர்ட்டை வயர் இல்லாததாக்கினோம், வயர்களை ஒரே பக்கம் கட்டினோம், மொனிட்டரைக் கைவிடுவது என்று தீர்மானித்தோம். ஐம்பது செக்கனுக்கு வந்தது. மூச்சிரைக்க ரோட்டில் நின்றபோது இளையவன்தான் கேட்டான், “ராத்தா, நாம எதத் தூக்கிட்டு ஓடுறம்?”

மூத்தவளின் தீசிஸ், 2004க்கு முந்திய உல்லையை ஊரின் வயதானவர்கள் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது. யார் வீடு எங்கே இருந்தது, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், வள்ளம் எங்கே ஏற்றினார்கள். இருபத்திமூன்று பேரின் குரல்கள் அந்த மெஷினுக்குள் இருக்கின்றன. பதிவு செய்த பிறகு அவர்களில் ரெண்டு பேர் மவுத்தாகிவிட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டு அல்பம் அன்றைக்குக் கடலோடு போனது. மூத்தம்மாவின் ஒரு படம்கூட எங்களிடம் இருக்கவில்லை. போன வருடம் கல்முனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாணப் படத்தில், மூன்றாவது வரிசையில், முக்காடு காற்றில் விலகிய நிலையில் அவரைக் கண்டுபிடித்து ஸ்கேன் எடுத்தோம். அதுவும் அதற்குள்தான்.

ஏழு கிலோவில் நாங்கள் காப்பாற்ற வேண்டியது எட்டு சென்ரிமீற்றர் நீளமான ஒரு துண்டு. ஆனால் அதைக் கழற்ற கேஸைத் திறந்து மூடியைக் கழற்றி ஸ்குரூவைத் தேட வேண்டும். அன்றைக்கே வெளியே கொழுவுகிற சின்ன எஸ்எஸ்டி ஒன்றுக்குச் சல்லி சேர்க்கத் தொடங்கினோம். இளையவனின் கிராபிக்ஸ் கார்ட் இன்னும் ஒரு சீசன் தள்ளிப்போனது. அவன் ஒண்டும் சொல்லவில்லை.

அந்த எஸ்எஸ்டி இப்போது கறுப்புப் பையில், காணி உறுதிக்கும் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில், ரெண்டு பொலித்தீன் உறைக்குள். வெள்ளிக்கிழமை காலையில் உம்மா அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவார். ஜும்ஆவுக்கு முன்னால் அங்கிருந்தே சத்தம் வரும்: “இந்தக் கிழமையான் போட்டாச்சா? தாங்க, பைக்குள்ள வைக்கணும்.”