இருட்டுவதற்குள்

ஜனவரி 1 அன்று எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் பெயர் எப்போதும் காக்கைதான். போன வருடம் 112-இல் நின்றது. வேடந்தாங்கல், பழவேற்காடு, பள்ளிக்கரணை என்று எல்லாமே காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய இடங்கள். கழிப்பறை எங்கே என்று தெரியாத ஊர்களில் மதியம்வரை தண்ணீர் குடிக்காமல் எண்ணியிருக்கிறேன்.

என் பட்டியலில் பக்கி இல்லை, கூகை இல்லை. வக்காவைக்கூட மரத்தில் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறேன்; அது இரைக்குக் கிளம்பும் நேரம் நான் பேருந்தில் இருப்பேன். உடன் வரும் ஆண்களின் பட்டியல் எப்போதும் என்னுடையதைவிட நீளம். அவர்களுக்குப் பார்வை கூர்மையாம்! எனக்கோ நாலு மணிக்கே வீட்டிலிருந்து போன் வந்துவிடும்: "இருட்டுறதுக்குள்ள வந்துருவல்ல? ராத்திரிக்கு என்ன?"

8,000-க்கு மேற்பட்ட பறவையினங்களைப் பார்த்த அமெரிக்கர் ஃபீபி ஸ்னெட்சிங்கர் நான்கு பிள்ளைகளின் தாய். அதைப் படித்ததும், அவர் வீட்டில் யார் சமைத்தார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இந்த மார்ச்சில் மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக் கார் பிடித்து, ஏரிக்கரையில் ஏழரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். பக்கி கத்தியது. கண்ணில் படவில்லை. காதால் கேட்டதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை.