விளக்கு நமக்கு, புகை பிறர்க்கு

மனச்சான்றைச் சிறு விளக்குக்கு ஒப்பிட்டு மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவ்விளக்கு ஒரு மோட்டார் வண்டியின் முகப்பிலும் எரியக்கூடும் என்பதைச் சில மாதங்களுக்கு முன் உணர நேர்ந்தது.

அன்னவாசலில் எங்களிடம் இருப்பது பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். முதிய தாயாரைத் திருப்பலிக்கு அழைத்துச் செல்லவும், நள்ளிரவில் அண்டை வீட்டார் கதவைத் தட்டினால் நோயாளியைப் புதுக்கோட்டைக்குக் கொண்டு சேர்க்கவும் அதுவே துணை. மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதத்தில், அதில் எஞ்சின் படமிட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்று. வண்டியோ வழக்கம்போலவே ஓடிற்று.

பணிமனையில் சோதித்து, ஆக்சிஜன் சென்சார் பழுது என்றனர். "மாற்றினால் சில ஆயிரம் ஆகும், ஐயா. வேண்டாமென்றால் விளக்கு எரியாதபடி செய்துவிடலாம்" என்றார் அங்கிருந்தவர்.

அக்கருவியின் பணி யாது? புகைக்குழலில் பொருத்தப்பட்டு, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அது அளக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அவ்விகிதம் பிறழாதிருக்க, கருவி தரும் செய்தியைக் கொண்டே எஞ்சினின் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ஆக்கிய இக்கருவி, 1976-இல் சுவீடன் நாட்டு வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது.

செய்தி தவறினால் கணினி குத்துமதிப்பாகவே எரிபொருளை அளக்கும். பெரும்பாலும் மிகுதியாகவே ஊற்றும். பெட்ரோல் வீணாகும், கார்பன் மோனாக்சைடு பெருகும். நச்சுப் புகையைத் தூய்மை செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அளவுமீறிச் சூடேறிக் கெடவும் கூடும். பிளாட்டினம், பல்லேடியம் போன்ற அரிய உலோகங்கள் கொண்ட அதன் விலை, சென்சாரின் விலையைப் போலப் பன்மடங்கு.

ஆயினும் விளக்கு எரிந்தவுடன் பணத்தை எடுத்து நீட்டுவதும் அறிவுடைமை அன்று. கம்பி அறுந்திருந்தாலோ, புகைக்குழலில் ஓட்டை இருந்தாலோ இதே குற்றம் கருவியின் மேல் விழும். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் பெரும்பாலும் கண்காணிப்புக்கே. முன்னால் உள்ளதுதான் எரிபொருளை ஆள்வது. ஆகவே வேறொரு பணிமனையில் இவற்றையெல்லாம் சோதிக்கச் செய்தோம். பழுதானது முன்னால் உள்ள சென்சாரே என உறுதியாயிற்று.

அன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் அதைப் பற்றிப் பேசினோம். "கட்டணம் கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாமே" என்றேன். என் துணைவியார், "புகைக்குழல் நம்மைப் பார்த்தா இருக்கிறது? அடுத்த வீட்டுச் சன்னலைப் பார்த்தல்லவா இருக்கிறது! அங்கே இளைப்பால் வருந்தும் குழந்தை உண்டே" என்றார். அதற்குமேல் வாதிட ஒன்றுமில்லை. வேறு சில செலவுகளைத் தள்ளிவைத்து, அவ்வாரமே சென்சாரை மாற்றினோம்.

அன்பார்ந்த வாசகர்களே, எச்சரிக்கை விளக்கை வண்டிக்காரர் மட்டுமே காண்கிறார். புகையையோ பின்னால் வருவோரும் தெருவோரத்துச் சிறாருமே நுகர்கின்றனர். நம் குறைகள் பலவும் இத்தகையவையே. அறிந்தவர் நாம், வருந்துவோர் பிறர். விளக்கை அணைத்துவிட்டால் நமக்கு நிம்மதி கிட்டும், அவர்களுக்குக் கிட்டாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் இவ்வுலகை நம் பொது இல்லம் என்று அழைத்தார். அன்றாடச் சிறு செயல்களாலும் அதனைப் பேணலாம் என்று நினைவூட்டினார். சிறியவற்றில் உண்மையாயிருப்பதை ஆண்டவர் எத்துணைப் பெரிதாக மதித்தார் என்பதையும் நாம் அறிவோம். இரவில் ஆன்ம சோதனை செய்யும் வேளையில், நம்முள் எரியும் விளக்குகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவற்றை அணைக்கும் வழியைத் தேடாது, பழுதை நீக்கும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.