தாத்தாமாரோட முரசு

பல் விளக்கும்போது முரசுல இரத்தம் வந்தா நாம என்ன செய்வோம்? "பிரஷ் குத்திருச்சு"ன்னு கொப்பளிச்சுட்டு கண்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். எங்க தாத்தாமாருக்கு அதுகூட இல்ல. பல்லு ஒவ்வொண்ணா ஆடி விழும். ரொட்டியைத் தேத்தண்ணியில ஊற வச்சுச் சாப்பிடுவாங்க. வயசானா அப்படித்தான்னு நாங்களும் நம்பினோம்.

அது வயசு இல்லைன்னு உலகத்துக்குக் காட்டினதே நம்ம மலையக ஆட்கள்தான். 1970-இல் நோர்வேயில் பிறந்த ஹரால்ட் லோவும் குழுவினரும் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹெரோ தோட்டங்களின் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்தார்கள். பல் விளக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத ஆட்கள். எல்லார் பல்லிலும் அழுக்கு, முரசிலும் வீக்கம். ஆனா 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாப் பரவிச்சு. 81 சதவீதத்துக்கு மெதுவா. 11 சதவீதத்துக்கு முரசு வீக்கத்தைத் தாண்டவே இல்ல.

ஒரே மாதிரி லயம், ஒரே மாதிரி சாப்பாடு. பிறகேன் இந்த வித்தியாசம்? கிருமி மட்டும் காரணமில்லை; அதுக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்லுதுங்கிறதும் காரணம்.

போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்னு ஒரு பற்றீரியா. கிருமியை விழுங்கிக் கொல்ல வர்ற வெள்ளை அணுவை அது ஏமாத்தும். கத்தரி மாதிரியான நொதிகளால் நம்ம இரத்தத்துல உள்ள ஒரு புரதத்தை வெட்டி, பொய்யா ஒரு எச்சரிக்கை மணி அடிக்கும். அதனால அணுவோட கொல்லும் வேலை நிக்கும். வீக்கம் மட்டும் நிக்காது. வீங்கின இடத்துல கசியுற இரத்தமும் சிதைஞ்ச சதையும் அதுக்குத் தீனி. பக்கத்துக் கிருமிகளுக்கும் விருந்து. வீக்கம் நீடிக்க நீடிக்க எலும்பைக் கரைக்கிற நம்ம சொந்த உயிரணுக்களே பல்லைத் தாங்குற எலும்பை அரிச்சிடும். புகைத்தலும் சீனி வருத்தமும் இதை மோசமாக்கும்.

அந்த 480 பேர்ல எங்க தாத்தாமார் இல்லாம இருக்கலாம். ஆனா வாழ்க்கை ஒண்ணுதான். பல் வைத்தியப் புத்தகங்கள்ல அவங்க "இலங்கைத் தொழிலாளர்கள்", பேர் கிடையாது. பேராதனையில பல் ஆஸ்பத்திரி இருந்தும் நம்ம வீட்டாட்கள் வலி தாங்காமப் போனாத்தான் போறாங்க. முரசு நோயோ பெரும்பாலும் வலிக்காமலேதான் வேலையைச் செய்யும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாகிட்ட கேப்போம்: "முரசுல இரத்தம் வருதாம்மா?"