நான்காம் கம்பி

மூன்று வாரங்களாக நான் என் இடக்கையைத்தான் ஐயுற்றுக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மணிக்கட்டில் தொடங்கிய வலி, மெல்ல மெல்லக் கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளில் மரப்பாக மாறிற்று. மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்துகிறது என்றார் மருத்துவர். அவர் அனுப்பிய இயன்முறைச் சிகிச்சையாளர், கையை மடக்கிக்கொண்டு விரல்களை அகல விரிக்கும் எந்த வேலையும் ஆறு மாதத்துக்குக் கூடாது என்றார். பேஸ் கிட்டார் வாசிப்பேன் என்று சொன்னேன். "அதைத்தான் சொல்கிறேன்" என்றார்.

கொல்கத்தாவுக்கு ஆய்வு மாணவியாக வந்த இந்த ஐந்தாண்டுகளில், ஆவணக் காப்பகத்துக்கும் விடுதிக்கும் வெளியே எனக்கென்று இருந்த ஒரே இடம் நால்வர் கூடி வாசிக்கும் ஒரு சிறு குழு. அதில் பேஸ் என்னுடையது. அந்த இடத்தை விட மனம் வரவில்லை. எனவே என் பழைய கருவியைத் துறையில் இளைய ஆய்வாளர் ஒருவருக்கு விற்றுவிட்டு, பழைய விலைக்கு ஓர் ஐபனெஸ் மைக்ரோ வாங்கினேன். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, அதாவது கம்பி அதிரும் நீளம், 28.6 அங்குலம். 1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்த நாளிலிருந்து 34 அங்குலமே பொது வழக்கு. பால் மெக்கார்ட்னியின் கையில் எல்லாரும் பார்த்த ஹோஃப்னர் வயலின் பேஸ் போன்றவை 30 அங்குலத்தை ஒட்டியவை. அவற்றை ஷார்ட் ஸ்கேல் என்பர். அதற்கும் கீழே இறங்கினால் எக்ஸ்ட்ரா ஷார்ட். "சிறுவர்களுக்கானது" என்று விற்பவர்களே சொல்லும் வகை.

சிறுவர்களுக்கோ யாருக்கோ, என் கைக்கு அது பொருந்திற்று. பழைய கருவியில் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட்டுக்கு 5.1 அங்குலம் எட்ட வேண்டும், இதில் 4.3. எண்ணாக எழுதினால் ஒன்றுமில்லை. மணிக்கட்டுக்குத் தெரியும்.

ஆனால் நான்காம் கம்பி, அதாவது மிகத் தடித்த கீழ் E, துணி காயப்போடும் கொடியைப் போலத் தொய்ந்து கிடந்தது. தட்டினால் ஃபிரெட்டுகளில் மோதிச் சடசடத்தது. சுருதி காட்டும் கருவியின் முள், தட்டிய கணத்தில் மேலே தாவி, பிறகே தன் இடத்துக்கு இறங்கிற்று. ஒத்திகையில் என் E எப்போதும் ஏதோ ஒரு மயிரிழை பிசகியே நின்றது. மேல் இரண்டு கம்பிகளில் இத்தொல்லை இல்லை. ஆகவே குற்றம் கருவியில் இருக்க முடியாது, கைதான் பழைய கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அழுத்தம் கூடுகிறதோ, மரத்த விரல் அளவறியாமல் இழுக்கிறதோ என்று இரவெல்லாம் ஆராய்ந்தேன். இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் நிகழ்ச்சிக்கு வேறொருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிரம்ஸ் வாசிப்பவருக்கு எழுதிவிட்டேன். அவரும் மறுப்பேதும் சொல்லவில்லை.

என் அறைத்தோழி இயற்பியல் ஆய்வாளர், அசாமியர். இசையில் அவளுக்கு எந்த நாட்டமும் இல்லை. நான் வாசிக்கத் தொடங்கினால் காதில் பஞ்சு வைத்துக்கொள்பவள். அவள்தான் ஒருநாள் அந்தக் கம்பியை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இப்படித்தானே இருக்கும்?" என்றாள். பழைய கம்பி உறையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினாள். கம்பியின் இழுவிசை அதன் ஓரலகு நீளத்து நிறைக்கு நேர்விகிதம். நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். மரென் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636இல் வெளியிட்ட நூலில் வகுத்த உறவு இது. நிறை மாறவில்லை, E என்றால் 41.2 ஹெர்ட்ஸ், அதுவும் மாறவில்லை. மாறியது நீளம் மட்டும். 28.6ஐ 34ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.71. பெரிய கருவியில் ஏறத்தாழ 40 பவுண்டு இழுவிசையில் நிற்கும் அதே 105 கம்பி, இங்கே 28 பவுண்டில் தொங்குகிறது. (105 என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் 105 பங்கு; கம்பிகளின் பருமனை இப்படித்தான் குறிப்பர்.)

வேறு வகையாகவும் சொல்லலாம். 34 அங்குலக் கருவியின் மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள தூரம் சரியாக 28.6 அங்குலம். எனவே என் கருவியை E-க்குச் சுருதி கூட்டுவதும், பெரிய கருவியின் கம்பியை மூன்று அரைச்சுரம் தளர்த்திவிட்டு வாசிப்பதும் கம்பிக்கு ஒன்றே. அப்படித் தளர்த்தினால் யார் கையிலும் அது சடசடக்கும். மேல் கம்பிகள் தப்பியதற்கும் காரணம் அந்தக் கணக்கிலேயே இருந்தது. வழக்கமான தொகுப்பில் D கம்பிக்கு 50 பவுண்டை ஒட்டிய இழுவிசை, 0.71ஆல் பெருக்கியும் அதனிடம் 36 மிஞ்சுகிறது. ஏழைக்குத்தான் வெட்டு வலிக்கும்.

வரலாறு படித்த எனக்கு அந்த உறையைப் பார்த்தபோது யாழ்தான் நினைவுக்கு வந்தது. வில் போல் வளைந்த யாழில் ஒவ்வொரு நரம்பும் வெவ்வேறு நீளம்; தாழ்ந்த சுரத்துக்கு நீண்ட நரம்பு, உயர்ந்ததற்குக் குறுகியது. சுரவேறுபாட்டின் பெருஞ்சுமையை நீளமே தாங்கிக்கொள்கிறது. கிட்டார் இனத்தில் எல்லாக் கம்பிகளும் ஒரே நீளம். ஆகவே அந்தச் சுமை முழுவதும் பருமன் மீதும் இழுவிசை மீதும் விழுகிறது. கருவியைக் குறுக்கினால் முதலில் தள்ளாடுவது மிகத் தாழ்ந்த கம்பி. அறிவியல் பயின்ற விபுலாநந்த அடிகள் 'யாழ் நூல்' (1947) எழுதப் புகுந்ததன் பொருத்தம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அந்நூல் என் அலமாரியில் மூன்றாண்டுகளாக இருக்கிறது. பதிகங்கள் பற்றிய பகுதியை மட்டுமே புரட்டியிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சரி, தடித்த கம்பி போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். 40 பவுண்டை மீட்க நிறை 1.41 மடங்கு வேண்டும். பருமன் அதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.19 மடங்கு, 105க்குப் பதில் 125. ஐந்து கம்பிக் கருவிகளில் கீழ் B-க்குப் போடும் பருமன் அது. 28.6 அங்குலத்தில் அதைக் கட்டினால் கம்பி கம்பியாக இராது, கழியாகிவிடும். விறைப்பு மிகுந்த கம்பியின் மேற்சுரங்கள் இருக்கவேண்டிய இடத்தைவிட உயர்ந்து ஒலிக்கும். அடிச்சுரம் எதுவென்று காது தடுமாறும். நட்டின் பள்ளத்தையும் அராவ வேண்டும். 110 என்றால் கணக்குப்படி 31 பவுண்டு வரும், நடுவழி. E-யையே கைவிட்டு, மெல்லிய கம்பிகளால் A, D, G, C என்று மேலே கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. கருவிக்கு அது நன்று. எனக்கு E வேண்டும்.

மூன்றாவது வழி சுற்றின் வகையை மாற்றுவது. நடுவில் எஃகு உட்கம்பி, அதன் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட்வவுண்ட். தட்டை நாடாவைச் சுற்றினால் ஃபிளாட்வவுண்ட். நாடாச் சுற்றில் இடைவெளி குறைவு, மேற்பரப்பு வழவழப்பு, பொதுவாகக் கைக்கு இறுக்கமாகவும் தெரியும். மோட்டவுன் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பிகளையே. அவற்றை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார் என்பது பேஸ் வாசிப்போர் அனைவரும் அறிந்தது. வழவழப்பு என்பது என் விரல் நுனிகளுக்கு ஆடம்பரம் அன்று, தேவை.

லால்பஜார் காவல் தலைமையகத்தை ஒட்டி ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உதவித்தொகை வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கையிலிருந்த பணத்துக்கு ஒரே ஒரு தொகுப்பு. இதற்கு முன் ஒருமுறை நீண்ட கம்பியை நேராகக் கத்தரித்து, சுற்று நெகிழ்ந்து, வாங்கிய அன்றே பிணமாக்கியவள் நான். கடைக்காரர் முதியவர். "தாதா, 28.6 அங்குலத்துக்குக் கம்பி உண்டா?" என்றேன். (இங்கே தாதா என்றால் அண்ணன், நம்மூர்ப் பொருளில் கொள்ள வேண்டா.) அவர் நீண்ட கம்பித் தொகுப்பை எடுத்து வைத்தார். "எல்லாரும் இதைத்தான் வாங்கி வெட்டிக்கொள்கிறார்கள், தீதி."

நான் வீட்டிலிருந்து நூல் கொண்டு போயிருந்தேன். கம்பியின் அடிக்குண்டு பிரிட்ஜில் உட்காரும் இடத்திலிருந்து நட் வரை 30 அங்குலத்துக்குச் சற்று மேல். கம்பியின் முழுப்பருமன் நட்டைத் தாண்டித்தான் முடிய வேண்டும். நட்டுக்கு முன்பே மெலிந்தால் அந்தக் கம்பி வீண். அதற்காக மிக நீண்டாலும் தொல்லை: 34 அங்குலக் கம்பியில் முழுப்பருமன் ஐந்தாறு அங்குலம் மிஞ்சி, முறுக்காணியைச் சுற்ற மறுத்து விறைத்து நிற்கும், சுற்றும் விரியும். அவரிடம் ஷார்ட் ஸ்கேல் உறை ஒன்றே ஒன்று இருந்தது. ஃபிளாட்வவுண்ட், தடித்தது 105. 110 கிடைக்கவில்லை. பெரியவர் நூலை வாங்கி உறையின் மேல் பிடித்துப் பார்த்தார், இரண்டு அங்குலம் மிஞ்சும், பரவாயில்லை என்றார். பிறகு ஒரு பழைய கம்பியை எடுத்து, வெட்டும் இடத்தைத் தாண்டாமல் முதலில் செங்கோணமாக மடித்து, மடிப்புக்கு அப்பால் கத்தரித்துக் காட்டினார். மடிப்பு சுற்றைப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஒரு செய்தியை எவரேனும் இரண்டாண்டு முன் சொல்லியிருந்தால் இரண்டாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அன்றிரவே மாட்டினேன். சடசடப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. முள் இன்னும் தாவுகிறது, ஆனால் முன்போல் இல்லை. பெரிய கருவியின் இறுக்கம் இதில் ஒருநாளும் வராது. வலக்கையால் மெல்லத் தட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒலி சற்று மங்கலானது. அறைத்தோழி பஞ்சு வைப்பதை விட்டுவிட்டாள். இடக்கை, அதன்பாட்டுக்கு, நன்றாகவே இருக்கிறது.

டிரம்ஸ் வாசிப்பவரை அழைத்துச் சொன்னேன். டிசம்பருக்கு வேறொருவர் ஒத்துக்கொண்டுவிட்டார், அவரிடம் இனி எப்படிச் சொல்வது என்றார். நியாயம்தான். கையின் மேல் பழி போட்டு விலகிக்கொண்டது நானே. மார்ச்சில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதாம்.

இப்போது மிஞ்சியிருப்பது ஒரு சிக்கல். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் E கம்பி ஐந்தாறு சென்ட் உயர்ந்தே ஒலிக்கிறது. சேடிலைப் பின்னுக்கு நகர்த்தித் திருகின் எல்லை வரை போயாயிற்று. இடையிலிருந்த சுருள்வில்லையும் கழற்றிப் பார்த்தேன், இன்னும் ஒரு மில்லிமீட்டர் வேண்டும். இதே அளவுக் கருவி வைத்திருப்போர் யாரேனும் இதைக் கடந்திருந்தால், எவ்வாறு என்று கீழே எழுதுங்கள். பிரிட்ஜைக் கழற்றித் துளை போடச் சொல்லாதீர்கள். விடுதியில் துளைப்பான் கிடையாது.